சொல்லக் கூச்சப்படும் இடத்துப் புண்



இன்று கொஞ்சம் கூச்சமான விஷயம். ஆண்களுக்கு முன்தோலில் வரும் கீறல், வெடிப்பு, சின்னப் புண் பற்றி எழுதுகிறேன். 34 வருடம் பாடம் நடத்திய வாய், சுற்றி வளைக்காமல் சொல்லிப் பழகிவிட்டது. பெண் பிள்ளைகளும் படியுங்கள். உங்கள் வீட்டிலும் அப்பா, கணவன், பையன் இருக்கிறார்கள்.

போன மாதம் என் அக்கா மகன் படப்பைக்கு வந்திருந்தான். வயது 44, ஒரகடம் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை. வாலாஜாபாத் ரோட்டு டீக்கடையில் நின்றுகொண்டு, "மாமா, யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல" என்று ஆரம்பித்தான். முன்தோலின் நுனியில் பிளேடால் கீறியது போல வெடிக்கிறது, ஒரு வாரத்தில் ஆறுகிறது, மறுபடி வெடிக்கிறது, சிறுநீர் பட்டால் எரிகிறது. நான்கு மாதமாக இப்படி. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு கிரீம் வாங்கித் தடவியிருக்கிறான். இரண்டு நாள் நன்றாக இருந்து, பிறகு இன்னும் மோசம். ஸ்டீராய்டு கலந்த கிரீம் அது. வீட்டில் சொல்லவில்லை. மனைவி தப்பாக நினைத்துவிடுவாளோ என்ற பயம்.

நான் கேட்டது ஒன்றுதான்: "ராத்திரி எத்தனை தடவை எழுந்து போற?" மூன்று நான்கு தடவையாம். நைட் ஷிப்ட் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்ததில் சர்க்கரை 212. 126-ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும்.

இதில் நடப்பது என்னவென்றால், ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டும்போது சிறுநீரிலும் வழிய ஆரம்பிக்கிறது. முன்தோலுக்கு அடியில் தங்கும் இரண்டு சொட்டில் அந்த இனிப்பு இருக்கும். சாதாரணமாகத் தோலில் இருக்கும் பூஞ்சைக்கு அது விருந்து. தோல் சிவந்து, வீங்கி, இளக்கம் போய், பின்னால் தள்ளும்போது கிழிகிறது. மேலே எத்தனை மருந்து தடவினாலும் உள்ளே சர்க்கரை இறங்காதவரை திரும்பத் திரும்ப வரும். காலில் புண் ஆறாவிட்டால் சர்க்கரையா என்று கேட்கிற நாம், இந்த இடத்துப் புண்ணுக்கு அதைக் கேட்பதில்லை.

அவனுக்கு சர்க்கரைக்கு மாத்திரையும் பூஞ்சைக்கு மருந்தும் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. மனைவிக்கும் அரிப்பு இருந்ததால் அவளையும் பார்த்து மருந்து கொடுத்தார்கள். அவள் கேட்ட ஒரே கேள்வி, "நாலு மாசமா ஏன் சொல்லல?"

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. அதில் எத்தனை பேருக்கு முதல் அடையாளம் இங்கே தெரிந்திருக்கும்! 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரை பார்க்கிறார்கள். "அவர் ஊர்ல இல்லம்மா" என்று சொல்லச் சொல்லிவிட்டு உள்ளறையில் உட்கார்ந்திருக்கும் ஆண்களை எனக்குத் தெரியும்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர்கள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று இருந்தால், அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரைகள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை, ஆனால் இந்தப் பூஞ்சைத் தொல்லையைக் கொண்டுவரும். நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீரால் கழுவி ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

எல்லாக் கீறலும் சர்க்கரை இல்லை. நகம் பட்டது, ஜிப் உரசியது, முடி எடுக்கும்போது வெட்டியது என்றால் வெறும் தண்ணீர் போதும். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. அடிப்பக்கம் நரம்பு போலத் தெரியும் நாடா கிழிந்தால் ரத்தம் பயமுறுத்தும், ஆனால் பெரும்பாலும் அழுத்தினாலே நின்றுவிடும். பிறகு கொஞ்சம் வேசலின், தளர்வான பருத்தி உள்ளாடை. ஆறும்வரை தாம்பத்தியம் வேண்டாம். டெட்டால், மஞ்சள், சுண்ணாம்பு, பவுடர் எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள். துருப்பிடித்ததோ அழுக்கானதோ கிழித்திருந்தால் டி.டி. ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள்.

சின்னப் பையன்கள் விஷயம் வேறு. குளிப்பாட்டும்போது முன்தோலைப் பின்னால் இழுத்து சுத்தம் செய்யச் சொல்லும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம். பிறக்கும்போது அது ஒட்டியிருப்பதுதான் இயல்பு. 1968-இல் ஆஸ்டர் என்ற டென்மார்க் மருத்துவர் பள்ளிப் பையன்களைப் பல ஆண்டு பார்த்து எழுதியதில், 6, 7 வயதில் நூற்றுக்கு 8 பேருக்கு முன்தோல் இறுக்கமாக இருந்தது, 17 வயதுக்குள் அது 1 ஆகிவிட்டது. தானாகவே பிரியும். பிடித்து இழுத்தால் கிழியும், தழும்பாகி நிஜமாகவே இறுகிவிடும். வெளியே தண்ணீர் ஊற்றினால் போதும்.

ஜிப்பில் தோல் மாட்டினால் மேலேயும் கீழேயும் இழுக்காதீர்கள். ஒருமுறை எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பையனுக்கு இப்படி ஆனது. சத்துணவு அம்மா கொண்டுவந்த தேங்காய் எண்ணெயை விட்டோம், கழலவில்லை. கால்சட்டைத் துணியைச் சுற்றி வெட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். அங்கே டாக்டர் ஜிப்பின் ஓடுகட்டையை நடுவில் கட்டரால் துண்டித்தார். இரண்டு பாதியும் தானாகப் பிரிந்தன. முழுதாக ஒரு நிமிடம் ஆகவில்லை.

உடனே ஓட வேண்டிய நேரம் எது? பின்னால் தள்ளிய தோல் முன்னால் வராமல் மொட்டுக்குக் கீழே வளையம் போல இறுகி வீங்கினால், அது மணிக்கணக்கில் செய்ய வேண்டிய காரியம். "காலையில் பார்க்கலாம்" என்று தூங்காதீர்கள். படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு சிறுநீர்க் குழாய் போடும்போதோ சுத்தம் செய்யும்போதோ தோலைத் திரும்ப முன்னால் கொண்டுவர மறந்தால் இப்படி ஆகும். அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள். பத்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை, சிறுநீர் போகவில்லை, சீழ், காய்ச்சல், தோல் கறுத்து வீக்கம் பரவுகிறது என்றாலும் அப்படித்தான், அதிலும் சர்க்கரைக்காரர்கள். வலியே இல்லாத புண், கட்டி, வெள்ளைத் தழும்பு இரண்டு வாரத்தில் போகவில்லை என்றால் அவசரம் இல்லாவிட்டாலும் காட்டியே ஆகவேண்டும்.

நம் பக்கத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையம் முதலில், பெரிதாக இருந்தால் குரோம்பேட்டை அரசு மருத்துவமனை. குழந்தை என்றால் எழும்பூர். ராத்திரியில் 108. தோல் நோய்ப் பிரிவுப் பலகையில் பால்வினை நோய் என்றும் சேர்த்து எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன்தான் என் மருமகனும். உள்ளே பாதிப் பேர் படர்தாமரைக்கு வந்தவர்கள்.

கேட்க வேண்டியது இருந்தால் இன்பாக்ஸில் எழுதுங்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன். போட்டோ மட்டும் அனுப்ப வேண்டாம், அதை டாக்டர் பார்க்கட்டும்.