அட்டை சொன்னால் தறி கேட்கும்

காஞ்சிபுரத்துத் தறிக்கு மேலே தொங்கும் ஜக்கார்டு அட்டைகளைப் பார்த்திருக்கிறீர்களா? துளை உள்ள இடத்தில் பாவு இழை எழும். இல்லாத இடத்தில் எழாது. ஒருமுறை அட்டை குத்திவிட்டால், அதே புட்டா சேலை சேலையாக விழும். பிரான்ஸில் பிறந்த இந்த யோசனைதான் பின்னாளில் கம்ப்யூட்டருக்கும் வழிகாட்டியது.

பிள்ளையார்பாளையத்து நெசவாளரின் மகள் ஒருவர், பட்டுக்கடை ஆர்டர் ஃபைல்களைத் தினமும் ஒவ்வொன்றாகத் திறந்து அலுத்துப்போனார். விண்டோஸ் பட்டனோடு 'ஆர்' அழுத்தி, 'ஷெல்:சென்ட்டு' என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் டைப் செய்தார். திறந்த ஃபோல்டரில் நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் ஷார்ட்கட்டைப் போட்டார். இப்போது வேண்டிய ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, 'சென்ட் டு' கொடுத்தால் போதும். அத்தனையும் ஒரே விண்டோவில்!

மிச்சமாகும் நேரம் அப்பாவுக்கு. கோர்வைக் கரைக்கு மறுபக்கம் உட்கார்ந்து நாடா தள்ள ஆள் வேண்டுமே! அதற்கு ஷார்ட்கட் கிடையாது, மகள்தான் உட்காருகிறார்.