டப்பாவின் அடியில் ஆண்டறிக்கை

சமையலறை அலமாரித் தட்டில் விரிக்க வழவழப்பான தாள் எது கிடைத்தாலும் விடமாட்டேன். வருடா வருடம் தபாலில் வந்த ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையையும் அப்படித்தான் துவரம்பருப்பு டப்பாவின் அடியில் விரித்திருந்தேன். அந்தக் கம்பெனியில் என் பேரில் நூறு ஷேர் வாங்கியிருந்தார் என் கணவர். "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்றார், போட்டேன். பணம் மட்டும் நான் சீட்டுக் கட்டிச் சேர்த்தது!

2009 ஜனவரி 7. ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, பல வருஷமாகப் பொய்க் கணக்கு எழுதியதாகத் தாமே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். பாங்கில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லையாம். முதல் நாள் சுமார் 179 ரூபாய்க்கு விற்ற ஷேர், அன்று மாலை 40 ரூபாய்!

எங்களுடையது வேறு கம்பெனிதான். ஆனாலும் எனக்குப் பகீரென்றது. டப்பாவை நகர்த்தி, எண்ணெய்க் கறை படிந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு, வக்கீலாக இருக்கும் என் தம்பியிடம் ஓடினேன்.

"ஷேர் வச்சிருந்தா நீயும் அந்தக் கம்பெனிக்கு ஒரு சொந்தக்காரிக்கா" என்றான்.

"அப்போ டைரக்டருங்க ஏமாத்தினா கேஸ் போடலாமா?"

"உன் நூறு ஷேருக்கு நீ தனியா போட்டா, வர்றதைவிடச் செலவுதான் ஜாஸ்தி. அமெரிக்காவிலே எல்லாரும் சேர்ந்து ஒரே கேஸா போடலாம். இங்கே அதுக்குச் சட்டம் இல்லே."

அவன் சொன்னபடியேதான் ஆயிற்று. நியூயார்க் சந்தையில் சத்யம் பங்கு வாங்கியவர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2011-இல் கம்பெனி 12.5 கோடி டாலரும், கணக்குத் தணிக்கை செய்த நிறுவனம் 2.55 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டன. நம் நாட்டு முதலீட்டாளர்களுக்காக ஒரு சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போயும் பலன் இல்லை. ஒரே கம்பெனி, ஒரே பொய். அங்கே ஈடு, இங்கே வெறும் கை!

பிறகுதான் 2013 கம்பெனிச் சட்டத்தில் 245-ஆம் பிரிவு வந்தது. 2016 ஜூனில் அமலுக்கும் வந்தது. ஷேர் வைத்திருப்பவர்கள் நூறு பேர் சேர்ந்தால், கம்பெனி மீதும் டைரக்டர்கள் மீதும் தணிக்கையாளர் மீதும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்கலாம். விலை இறங்கிவிட்டது என்பதற்காக மட்டும் கேட்க முடியாது. மோசடியோ முறைகேடோ நடந்திருக்க வேண்டும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். அன்று இரவு தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர, அறிக்கையைப் படித்தேன். சேர்மனின் உறவினர் நடத்தும் நிறுவனத்துக்குக் கம்பெனி பெரிய கடன் கொடுத்திருந்தது. அந்த வருஷப் பொதுக்கூட்டத்துக்குப் போய், கால் நடுங்க எழுந்து, "அந்தக் கடன் எப்போ திரும்பி வரும்?" என்று கேட்டேன். மேடையில் சிரித்து மழுப்பினார்கள், பதில் இல்லை. மறுநாளே ஷேரை விற்றோம். சீட்டுப் பணத்தில் முக்கால்வாசிதான் தேறியது. கால்வாசி, படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்கு நான் கட்டிய ஃபீஸ்!

சகோதரிகளே, உங்கள் பேரில் ஷேர் இருந்தால், வரும் கடிதங்களைப் பிரித்துப் படியுங்கள். புரியாவிட்டால் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன? நம் பணம்தானே!

என் டப்பாக்களின் அடியில் இப்போது பழைய காலண்டர் தாள்தான்.