கருவியைத் தந்தார்கள், திறக்கும் உரிமையைத் தரவில்லை

அரசு வைத்த பெயர் 'விலையில்லா மடிக்கணினி'. ஊர்த்தெரு வைத்த பெயர் 'ஓசி லேப்டாப்'. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படித்த நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. டெல்டாவின் சேரிகளில் பல வீடுகளுக்குள் வந்த முதல் கணினி அதுதான். ஓசி என்று சிரித்தவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதனால் சிரிக்க முடிந்தது.

அவற்றில் எத்தனை இன்று உயிரோடு இருக்கின்றன? தஞ்சாவூருக்குக் கிழக்கே, வெண்ணாற்றுப் பாசனத்தில் உள்ள எங்கள் குடியிருப்பில், பரண்மேலும் டிரங்குப் பெட்டிக்குள்ளும் கிடந்தவற்றைப் படிப்பகத்துக்கு எடுத்துவரச் சொன்னோம். ஒன்பது வந்தன. அதில் ஒன்று, குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் தங்கை ஒருவருடையது. அது செத்த பிறகு, கண்ணாடி உடைந்த ஒரே போனில் அந்த வீட்டில் மூன்று பேர் படிக்கிறார்கள். நகரத்துக் கடையில் "போர்டு போயிடுச்சு, மாத்தணும்" என்றார்கள். சொன்ன தொகை, அவருடைய அம்மா ஒரு நடவுப் பருவம் முழுக்கக் குனிந்து சம்பாதிப்பது. எந்த ஊர் என்று கேட்ட கடைக்காரர், அடுத்து எந்தத் தெரு என்றும் கேட்டிருக்கிறார். மதர்போர்டுக்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் சொல்லவில்லை.

நாங்களே திறந்தோம். ஐடிஐ முடித்த தம்பி ஒருவர், டிவி ரிப்பேர் தெரிந்த அண்ணன் ஒருவர், ஒரு மல்டிமீட்டர், சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு சால்ட்ரிங் அயன். முதல் இரண்டு வாரம் லேப்டாப்பைத் தொடவே இல்லை. செத்துப்போன செட்டாப் பாக்ஸ் போர்டுகளில் கழற்றுவதும் வைப்பதுமாகக் கை பழகினோம்.

பழுது பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான் இருந்தது. ஒன்று, சார்ஜர் முனையைச் செருகும் ஜாக். ஆண்டுக்கணக்கில் செருகி இழுத்ததில் அதன் காலடி ஈயம் விரிசல் விட்டிருந்தது. அடாப்டரில் 19 வோல்ட் வருகிறது, போர்டுக்குள் போகவில்லை. மற்றது, மின்சாரம் உள்ளே நுழையும் வழியில் இருக்கும் கடுகளவு கெப்பாசிட்டர் ஷார்ட் ஆவது. குறைந்த வோல்ட்டை அளவாகச் செலுத்தி, போர்டில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தடவினால், ஷார்ட்டான பாகம் சூடாகி அதன் மேல்தான் முதலில் காய்கிறது. அதுதான் குற்றவாளி.

கண்டுபிடிப்பதைவிடக் கழற்றுவது கடினம். கம்பெனி ஈயத்தில் காரீயம் கிடையாது. உருக ஏறக்குறைய 217 டிகிரி வேண்டும். கடையில் கிடைக்கும் காரீயம் கலந்த பழைய ரகம் 183 டிகிரியிலேயே இளகும். பழையதன் மேல் இதைக் கொஞ்சம் சேர்த்தால் இரண்டும் கலந்து சீக்கிரம் இளகிவிடும். ஜாக்கின் கிரவுண்ட் கால் போர்டுக்குள் இருக்கும் செப்புத் தகட்டோடு இணைந்திருப்பதால், கொடுக்கிற சூட்டையெல்லாம் அந்தத் தகடு குடித்துவிடும். அவசரப்பட்டு இழுத்தால் போர்டின் தடமே பிய்ந்து வரும். ஃபிளக்ஸ் புகைக்குச் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். காரீயம் தொட்ட கையைக் கழுவாமல் சோற்றில் வைக்கக் கூடாது.

'பொடிவைத்துப் பேசுகிறான்' என்கிறோமே, அது பொற்கொல்லர் பட்டறையிலிருந்து வந்த சொல். பொடிவைத்து ஊதிப் பற்றவைக்கும் வித்தை அப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. சேரிக்கு வந்து சேரவில்லை. நம் கை நுட்ப வேலைக்கு ஆகாது என்று சொன்னவர்களும் உண்டு. பறையைத் தீயில் காய்ச்சி ஓசைக்குப் பதம் பார்க்கிற கைகளுக்கும், நெல் அவிக்கிற பெண்களுக்கும் சூட்டின் பதத்தை யார் சொல்லித்தர வேண்டும்? ஒன்பதில் ஐந்து உயிர்பெற்றன. தங்கையின் லேப்டாப்பும் அதில் ஒன்று.

மீதி நான்கு ஏன் எழவில்லை? இரண்டில் சிப்பே போய்விட்டது. மற்ற இரண்டில் கோளாறு எந்தப் பாகத்தில் என்று தேட போர்டின் சர்க்யூட் வரைபடம் வேண்டும். அதைக் கம்பெனி தருவதில்லை. 2022 டிசம்பர் 24 அன்று ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஓர் இணையதளம் தொடங்கியது. ஆனால் வரைபடத்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை.

இந்த மண்ணுக்கு இது புதிதல்ல. நம் தாத்தாக்கள் கட்டிய குடிசை அவர்களுடையது, மனை மிராசுதாருடையது. மனையைக் காட்டியே மிரட்டலாம், வெளியேற்றலாம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1971இல்தான் குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. கையில் இருப்பது வேறு, உரிமையாவது வேறு என்பதை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கணினிக் கருவி தருவதாக அறிவித்தார்கள். வரவேற்கிறோம். கூடவே ஒன்று கேட்கிறோம். மக்கள் பணத்தில் லட்சக்கணக்கில் வாங்கும் அரசு, டெண்டரிலேயே ஒரு வரி சேர்க்கட்டும்: போர்டு வரைபடமும் உதிரி பாகமும் ஒவ்வோர் அரசு ஐடிஐக்கும் வரவேண்டும், பழுதுபார்ப்பைத் தமிழில் கற்றுத்தர வேண்டும். ஓசி என்று சொல்லிக்கொள்ளட்டும். பரணில் கிடக்கிற கருவியை எண்ணிக்கையில் காட்டிப் பெருமை பேச இனி விடக்கூடாது.