மூலை வெட்டிய பாஸ்போர்ட்

காப்புறுதிக் கடிதம் தேடி லாச்சியைக் கிளறியபோது பழைய பாஸ்போர்ட் கையில் அகப்பட்டது. கருஞ்சிவப்பு அட்டை. காலாவதியானதும் மூலையைக் கத்தரித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நாட்டின் பெயருக்கும் மேலே 'ஐரோப்பிய ஒன்றியம்' என்று தங்க எழுத்து. பாரிஸில் சித்தப்பா மகளின் கல்யாணத்துக்கு இதோடுதான் போனோம். டோவர் துறைமுகத்தில் பிரெஞ்சுப் பொலிஸ்காரர் அட்டையைப் பார்த்துக் கையசைத்தார், அவ்வளவுதான்.

டோவர் என்றால் பக்கத்து வீட்டுக் கிழவர் ஞாபகம் வரும். அந்த ஊர்க்காரர். பத்தொன்பது வயதில் கட்டாய இராணுவ சேவையில் எகிப்தின் சூயஸ் கால்வாயைப் பிடிக்கப் போனவர். 1956 நவம்பர் 6 காலை போர்ட் சயீத்தில் இறங்கினார்களாம். அன்று நள்ளிரவே போர்நிறுத்தம். திருப்பி அனுப்பியது டாலர். பவுண் சரிந்துகொண்டிருக்க, அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் கைகொடுக்க மறுத்துவிட்டார். கூடப் போன பிரான்ஸ் இனி அமெரிக்காவை நம்புவதில்லை என்று ஐரோப்பாப் பக்கம் திரும்பியது. லண்டனோ இனி அமெரிக்காவை மீறுவதில்லை என்று முடிவெடுத்தது. ஒரே அடி, இரண்டு பாடம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் கிழவரின் தேநீர் ஆறிவிடும்.

1962 டிசம்பரில் பிரித்தானியப் பிரதமர் மாக்மில்லன் பகாமாசில் கென்னடியிடம் பொலாரிஸ் ஏவுகணை கேட்டு வாங்கினார். அடுத்த மாதமே ஐரோப்பியச் சந்தையின் கதவைச் சாத்தினார் பிரெஞ்சு ஜனாதிபதி டி கோல். தட்டுகிறவனுக்குப் பின்னால் அமெரிக்கா நிற்பதை அவர் பார்த்துவிட்டார். 1967இலும் அதே கதை. அவர் இறந்த பிறகு, 1973இல்தான் பிரித்தானியாவால் உள்ளே போக முடிந்தது.

2003 பெப்ரவரி 15 அன்று நானும் ஈராக் போரை எதிர்த்து ஹைட் பார்க் வரை நடந்தேன். பல்லுக் கிட்டுகிற குளிர். பிரான்சும் ஜெர்மனியும் மறுத்த போருக்கு பிளேயர் போனார். கிழவரை ஊர்வலத்துக்குக் கூப்பிட்டிருந்தேன். "நான் அந்தப் பக்கம் ஒருமுறை போய் வந்தாயிற்று" என்றார். அப்போதும் அமெரிக்காவுக்குக் கடன் பாக்கி இருந்தது. 1946இல் வாங்கிய 375 கோடி டாலர் கடனின் கடைசித் தவணையை 2006 டிசம்பரில்தான் கட்டி முடித்தார்கள். சூயஸ் வருடத்துத் தவணையைக் கட்ட முடியாமல் தள்ளிப்போட்டதும் அந்தக் கணக்கில் உண்டு.

1975இல் ஐரோப்பாவுக்கு வாக்களித்த கிழவர், 2016இல் வேண்டாம் என்ற 51.9 சதவீதத்தில் ஒருவர். ஏன் என்று கேட்டேன். பழைய நீலப் பாஸ்போர்ட் திரும்ப வேண்டும் என்றார், பாதி பகிடியாக. அது வருவதற்கு முன்பே போய்விட்டார்.

இருந்திருந்தால் 2025ஐப் பார்த்திருப்பார். பெப்ரவரி 27 அன்று பிரதமர் ஸ்டார்மர் வெள்ளை மாளிகையில் கோட்டுக்குள்ளிருந்து மன்னரின் கடிதத்தை எடுத்து டிரம்பிடம் நீட்டினார். மூன்றாம் நாள் லண்டன் லான்காஸ்டர் ஹவுசில் செலென்ஸ்கியையும் ஐரோப்பியத் தலைவர்களையும் கூட்டி உட்காரவைத்தார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். எது ஆறு, எது சேறு என்பதில் என் வீட்டிலேயே இரண்டு கட்சி.

கிழவர் கேட்ட நீலப் பாஸ்போர்ட்டும் அதே லாச்சியில்தான் கிடக்கிறது. பிரெஞ்சுக் கம்பனி ஒன்று போலந்தில் வைத்து அச்சடித்தது.