குடவோலைக்கு எந்த இங்கிலீஷ்?

குடவோலை முறையைச் சொல்லும் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பற்றி இங்கிலீஷில் எழுதுகிற பிள்ளைகள் பலரும் முதல் வரியிலேயே 'எலெக்‌ஷன்' போட்டுவிடுகிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள். ஆண்டு 919, 921. அந்தப் பிள்ளைகளுக்காகச் சில குறிப்புகள்.

*

எலெக்ட் என்றால் பலர் ஓட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. செலெக்ட் என்றால் தகுதி பார்த்துப் பொறுக்குவது. கிரிக்கெட் அணிக்கு ஆள் எடுப்பது செலெக்‌ஷன், எம்.எல்.ஏ. வருவது எலெக்‌ஷன். குடவோலையில் ஓட்டே கிடையாது. ஊரின் 30 குடும்புகளிலும் (வார்டுகளிலும்) தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். இதற்கு இங்கிலீஷில் 'லாட்'.

*

பேலட் வேறு, லாட் வேறு. பேலட் என்பது இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. ரகசியமாகக் கருத்துச் சொல்லப் போட்ட சிறு உருண்டை. லாட், சீட்டுப்போல் குலுக்கி எடுத்த மரத்துண்டு. குடத்து ஓலையில் இருந்தது வாக்காளர் விருப்பம் அல்ல, வெறும் பெயர். அதனால் அது பேலட் ஆகாது.

*

இனெலிஜிபிள், டிஸ்குவாலிஃபைட்: இரண்டுக்கும் 'தகுதியில்லாதவர்' என்று ஒரே பொருள் எழுதிவிடுகிறோம். 921 சாசனப்படி 35 வயதுக்குக் குறைந்தவரும் 70-ஐத் தாண்டியவரும் இனெலிஜிபிள். தகுதி முதலிலேயே இல்லை. முன்பு வாரியம் என்ற ஊர்க் குழுவில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் டிஸ்குவாலிஃபைட்; இருந்த தகுதியைத் தன் செய்கையால் இழந்தவர். அவருடைய உறவினர் பெயரையும் குடத்தில் இட முடியாது.

*

வாரியம் என்றால் இன்று நமக்கு மின்சார வாரியம், அதாவது போர்டு. ஒரு நிறுவனத்தை நடத்துகிற அமைப்பு அது. சபை தன் வேலையைப் பிரித்துக் கொடுக்க வைக்கிற சிறு குழு கமிட்டி. சோழர் கால வாரியம் கமிட்டிதான்: சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. பதவிக்காலம் 360 நாள்.

*

ஏரிக்கு 'லேக்' எழுதினால் தப்பில்லை. ஆனால் ஊட்டி, கொடைக்கானல் படகு நினைவுக்கு வரும். கரை கட்டி மழைநீர் தேக்கி, மதகு வழியாக வயலுக்கு விடுவதற்கு இந்திய இங்கிலீஷில் 'டேங்க்'. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் வருகிற வயிரமேகத் தடாகம் டேங்க்தான். மொட்டை மாடி சின்டெக்ஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

*

எலெக்‌ஷன் இல்லை என்பதால் ஊர்ப் பெருமை குறையாது. பழைய ஏதென்ஸிலும் பெரும்பாலான பதவிகளுக்குக் குலுக்கல்தான். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-ஆம் பிரிவும், இருவர் வாக்கு சமமானால் குலுக்கிப் போட்டே முடிவு செய்யச் சொல்கிறது. அதோடு இதையும் மறைக்க வேண்டாம்: பிராமணர் ஊரான உத்திரமேரூரில், வரி கட்டும் நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர் பெயர்தான் குடத்துக்குள் போனது. 'டெமாக்ரசி' என்று எழுதுமுன் அதை ஒருமுறை யோசிக்கலாம்.

*

ஆகவே பிள்ளைகளே, கட்டுரையில் 'எலெக்‌ஷன்' என்பதை அடித்துவிட்டு 'செலெக்‌ஷன் பை லாட்' என்று எழுதுங்கள். மார்க் குறைத்தால் வாத்தியாரைக் கோயிலுக்கு அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டுங்கள்.