டிப்பெக்ஸ் இல்லாத ஆய்வுகூடம்

மருத்துவ பீடம் கிடைக்காவிட்டால் வாழ்க்கையே முடிந்தது என்று அழும் உயிரியல் பிரிவுப் பிள்ளைகளை நாங்கள் வருடாவருடம் பார்க்கிறோம். அப்படி அழுத எங்கள் மாணவி ஒருத்தி இன்று பிரித்தானியாவில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்கிறாள். அங்கே ‘ஐகேஸ்’ புலமைப்பரிசில் பெறுவோர் குறைந்தது 3 மாதங்கள் ஒரு நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். அவளுக்குக் கிடைத்தது ஒரு மருந்து நிறுவனம்.

சீன ஹாம்ஸ்டரின் சூலகக் கலங்களை வளர்ப்பதுதான் வேலை. இரத்தக்கட்டியைக் கரைக்கும் அல்டெப்ளேஸ் மருந்து இந்தக் கலங்களில் தயாராகி, 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்றும் ட்ராஸ்டுசுமாப்பும் இவற்றில்தான் உருவாகிறது.

பல்கலைக்கழகத்தில் சிறு குடுவையில் சரிவந்தால் ஆய்வுக்கட்டுரை எழுதலாம். மருந்தென்றால் அதே முடிவு ஆயிரக்கணக்கான லீற்றர் தாங்கியிலும், வேறொருவர் செய்தாலும் வர வேண்டும். அதனால் குறிப்பேட்டில் பிழைத்தால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையொப்பம், திகதி. வெட்டியது வாசிக்கத் தெரிய வேண்டும். டிப்பெக்ஸ் தொடவே கூடாது.

“முதல்ல பிழை விடத்தான் பயம் டீச்சர். இப்ப பிழைய மறைக்கத்தான் பயம்” என்றாள்.

நமது பிள்ளைகளோ, அளவீடு புத்தகத்தோடு ஒத்துவராவிட்டால் செய்முறைக் கொப்பியில் அழித்து மாற்றுகிறார்கள். புள்ளி போய்விடும் என்ற பயம். ஆசிரிய நண்பர்களே, வந்த அளவீட்டை வந்தபடியே எழுதி, ஏன் அப்படி வந்தது என்று யோசிக்கும் பிள்ளைக்கு இந்தத் தவணையிலிருந்தே முழுப் புள்ளி கொடுப்போம். நாளை அவள் எழுதும் கொப்பியை நம்பித்தான் ஒரு நோயாளி ஊசிக்குக் கையை நீட்டப்போகிறார்.