மீண்டும் மேலே ஏறு, மகளே

பணிமனையில் காலைச் சங்கு ஒலித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கைப்பேசியில் மகள் அழைத்தாள். "அப்பா, எனக்கு ஒரு காயமும் இல்லை. முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றாள். அதன் பிறகே, "விமானத்தை உடைத்துவிட்டேன்" என்றாள்.

திருநெல்வேலிச் சீமையை விட்டு நாங்கள் மும்பைக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. நான் ரயில்வே பணிமனையில் பிட்டர். மகள் சிறுமியாக இருந்தபோது விடுமுறை நாட்களில் ஜுஹுவுக்கு அழைத்துச் செல்வேன். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் விமானத்தை ஓட்டிவந்து இறக்கியது இங்கேதான் என்றும், அந்தத் தபால் பின்பு சென்னைவரை பறந்தது என்றும் சொல்வேன். விளையாட்டாய்ச் சொன்ன கதை அவளுக்குள் வேர்விட்டது.

வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் பணம். ஊரிலிருந்த வயலை விற்றேன். போதாததற்குக் கடன் வாங்கினேன். "பெண்பிள்ளைக்கு இது தேவையா?" என்ற உறவினருக்கு விடை சொல்லிக்கொண்டே, மகளிடம் ஒவ்வோர் இரவும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "இன்று எத்தனை மணி நேரம் ஆயிற்று?"

விபத்து நடந்த விதத்தை அவளே பிற்பாடு விளக்கினாள். அன்று செஸ்னா 172 விமானத்தில் தனியே பறந்தாள். இறங்கும்போது வேகம் ஏறத்தாழ 65 நாட், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர் இருக்க வேண்டும். இவள் சற்று அதிக வேகத்தில் வந்துவிட்டாள். பின்சக்கரங்கள் தரையைத் தொட்டதும் விமானம் துள்ளி எழுந்தது. பதற்றத்தில் மூக்கைக் கீழே அழுத்தினாள். இம்முறை முன்சக்கரம் முதலில் மோதிற்று. முன்னிலும் உயரமாகத் துள்ளிற்று. மூன்றாம் மோதலில் முன்சக்கரத்தின் கால் முறிந்து, புரொப்பெல்லர் ஓடுபாதையை உழுதது.

இறங்கும் அடியைத் தாங்கப் பின்சக்கரங்களே அமைக்கப்பட்டுள்ளன. முன்சக்கரம் அதற்காக அன்று. ஆகையால் முதல் துள்ளலிலேயே இயந்திரத்துக்கு முழு விசை கொடுத்து மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றி மறுபடி இறங்க வந்திருக்க வேண்டும். இதனைக் 'கோ அரவுண்ட்' என்பார்கள்.

"தெரிந்தும் ஏன் ஏறவில்லை?" என்று கேட்டேன்.

சிறிது நேரம் பேசாதிருந்தாள். "அன்று ஏற்கெனவே ஒருமுறை ஏறியிருந்தேன் அப்பா. மறுபடியும் ஏறினால் நேரம் வீணாகும், பணம் வீணாகும் என்று தோன்றிற்று" என்றாள்.

அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது. விமானத்தில் அவள் தனியே இருந்தாள் என்றுதான் பதிவேட்டில் எழுதியிருந்தது. ஆனால் நானும் என் கடனும் அவளருகே அமர்ந்திருந்தோம்.

இதைவிட வெட்கமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். "திடீரென்று காற்று அடித்தது என்று எழுதிக் கொடு" என்று நான் அவளுக்கு ஆலோசனை கூறினேன். நஷ்டத்தை எங்கள் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற பயம். அவள், "காற்று அமைதியாகத்தான் இருந்தது அப்பா" என்று மட்டும் சொல்லி, நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தாள். விமான விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பதே, பழி சுமத்துவதன்று என்று சிகாகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு கூறுகிறதாம். புரொப்பெல்லர் தரையில் மோதினால், வெளியே பழுது தெரியாவிட்டாலும் இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பார்களாம். இது எனக்குப் புதிதன்று. பெயின்டுக்கு அடியில் மறைந்த விரிசலே ஆபத்தானது என்று பணிமனைக்கு வரும் இளைஞர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிக் கொடுப்பவன் நான். என் மகளிடம்தான் விரிசலின்மேல் பெயின்ட் அடிக்கச் சொன்னேன்.

அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்படி என் மனைவி அழுதாள். நான் தடுக்கவும் இல்லை, தூண்டவும் இல்லை. முடிவை மகளிடமே விட்டேன். சில வாரங்கள் பயிற்றுநருடன் இறங்கும் பாடத்தையே திரும்பத் திரும்பப் பறந்தாள். பிறகு ஒருநாள் மாலை அழைத்து, "இன்று தனியாகப் பறந்தேன். இரண்டு முறை இறங்காமல் மேலே ஏறிவிட்டேன்" என்றாள். குரலில் சிறிது தயக்கம் இருந்தது.

"நல்லது மகளே. மூன்றாம் முறை ஏறியிருந்தாலும் நல்லதே" என்றேன். மறுமுனையில் அவள் சிரிப்பது கேட்டது.

அன்பான பெற்றோரே, ஊரைவிட்டு வந்து வியர்வை சிந்திப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறோம். செலவை அவர்கள் அறிவது நல்லதே. ஆனால் தவறும் வேளையில் அவர்கள் நினைவுக்கு நம் கடன் வரக்கூடாது. மகள் இப்போது உரிமம் பெற்றுவிட்டாள். கடன் இன்னும் பாதி இருக்கிறது. இரவில் அவள் அழைத்தால், மணிக்கணக்கு கேட்பதில்லை, "சாப்பிட்டாயா?" என்றுதான் கேட்கிறேன்.